செவ்வாய்க்கிழமை பதினொரு மணி

பதினாறு வருஷம் நான் ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அதுதான் என் வேலை. கதவுக்கு உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவளாக இருந்திருந்தால் என்னை அந்த வேலைக்கு வைத்தே இருக்க மாட்டார்கள்.

இதை எழுதச் சொன்னது, இப்போது அந்த அறைக்கு வந்திருக்கும் புது மேடம். சின்ன வயது. வருகிறவர்களில் பாதிப் பேரிடம் போனிலேயே பேசிவிடுகிறார். டீச்சருக்கு மூட்டு வலி அதிகமாகி மாடிப்படி ஏற முடியாமல் போனதும் அவர் வேலையை நிறுத்திக்கொண்டார், நானும் நின்றுகொண்டேன். சாவியைக் கொடுக்கப் போன அன்று புது மேடம் என்னை உட்கார வைத்து, "டீச்சர் எப்படி வேலை பாத்தாங்கங்கறது நான் படிச்ச புஸ்தகத்துல இல்லம்மா. நீங்க பாத்தத எழுதிக் குடுங்க" என்றார்.

"எனக்குப் பேசவே வராதே மேடம்" என்றேன்.

"அதான் எழுதச் சொல்றேன்" என்றார்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் அவரே திருத்திக்கொள்ளட்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

டீச்சர் என்று நான் சொல்வது, மனசுக் கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் பேசி ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலரை. பிலோமினா டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். நன்றாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை திடீரென்று தப்புத் தப்பாகப் போட ஆரம்பித்தாளாம். டீச்சர் திட்டி வெளியே நிறுத்தினார். அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது மூன்று மாசம் கழித்துத்தான் தெரிந்தது. "அந்த மூணு மாசமும் அவ எங்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கா. நான் நோட்டத்தான் பாத்தேன், புள்ளயப் பாக்கல" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் சனி ஞாயிறுகளில் மதுரைக்குப் பஸ் ஏறிப்போய் இரண்டு வருஷம் படித்தார். ஒரு ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் பெரிய டாக்டர் ஒருவருக்குக் கீழே இருந்து பழகினார். பிறகு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்தார். மாத்திரை தர மாட்டார். மாத்திரை தேவைப்படுகிறவர்களை டாக்டரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார்.

நான் அதே பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தேன். மற்ற ஆயாக்கள் என்னைப் பார்த்து, "இது திண்டுக்கல் பூட்டுடி, சாவி இவ புருஷன்கிட்டகூட கெடையாது" என்று சிரிப்பார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வேலைக்கு வருகிறீர்களா, பஸ் வசதி உண்டா, வீட்டில் சம்மதிப்பார்களா என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் தலையைத்தான் ஆட்டினேன். "இது போதும் பாக்கியம். நாளைக்கே வாங்க" என்றார். என்னை 'வாங்க, போங்க' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அறைக்கு வெளியே போர்டு கிடையாது. அதே மாடியில் பக்கத்து அறை ஒரு தையற்கடை. டீச்சர் யோசித்துத்தான் அந்த இடத்தைப் பிடித்திருந்தார். படியேறுகிற பெண் சட்டை தைக்கப் போகிறாளா, டீச்சரைப் பார்க்கப் போகிறாளா என்று கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. நிறையப் பேர் கையில் ஒரு துணிப்பையோடுதான் வருவார்கள்.

ஒருவர் போவதற்கும் அடுத்தவர் வருவதற்கும் நடுவில் கால்மணி நேரம் விடுவோம், படியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. வெளியே இரண்டு நாற்காலி. இரண்டும் ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கும். உட்கார்ந்தால் மலைக்கோட்டை தெரியும், பக்கத்தில் இருக்கிறவர் முகம் தெரியாது. கதவுக்கு வெளியே ஒரு ரேடியோவை மெதுவாக ஓட விடுவேன். அது பாட்டுக் கேட்பதற்கு இல்லை, உள்ளே இருக்கிற பேச்சு வெளியே கேட்காமல் இருப்பதற்கு. தண்ணீர் வேணுமா என்று கேட்கக் கூடாது. வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது ஊர் கேட்காமல் இருப்பது. நம்ம பக்கம் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் முதலில் எந்த ஊரு என்போம், அடுத்தது யாரு வீடு என்போம், மூன்றாவது பேச்சில் அவர் சொந்தமாகிவிடுவார். நான் அதிகம் பேசாதவள்தான், ஆனாலும் அந்த இரண்டு கேள்வி மட்டும் என் நாக்கு நுனியில் வந்து நிற்கும். டீச்சர் சொல்வார்: "சொந்தக்காரங்ககிட்ட சொல்ல முடியாததத்தான் இங்க சொல்ல வாராங்க. நாம சொந்தமாயிட்டா அவங்க எங்க போவாங்க?"

வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் ஒரு அம்மா வெளியே உட்கார்ந்து அழுதார். நான் போய், "அழாதீகம்மா, எல்லாம் சரியாப் போகும்" என்றேன். அவர் சட்டென்று அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு உள்ளே போன அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லையாம். சாயங்காலம் டீச்சர் என்னிடம் நிதானமாகக் கேட்டார். "அவங்க அழுதப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" எனக்குத் தாங்கவில்லை என்றேன். "அப்ப உங்களுக்காகத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். டீச்சர் திட்டுகிறதே கிடையாது. கேள்விதான் கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குத் திட்டே தேவலை என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு கட்டுப்பாடு உண்டு. வெளியில், தெருவில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எங்கே பார்த்தாலும் நாம் அவர்களைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவர்களாகப் பேசினால் பேசலாம். இது எனக்குச் சுலபம் என்று நினைத்தேன். வெளியில் நான் யாரிடம்தான் முதலில் பேசியிருக்கிறேன்?

அப்படி நினைத்த நான்தான் தப்புச் செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஈஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமம். மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். செவ்வாய்க்கிழமை பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவது அவள் முறை. பூவைப் போட்டுவிட்டுச் சரியாகப் பதினொரு மணிக்குப் படியேறுவாள். வீட்டில் சட்டை தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். கையில் ஒரே துணிதான், மடிப்புக்கூடக் கலையாமல் வாராவாரம் வரும்.

அவளுடைய பிள்ளை, ஏழு மாசத்து ஆண் பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதல் நாள் அவளே வெளியே நின்று டீச்சரிடம் சொன்னாள். "எங்க வீட்டுல அவன் பேரையே எடுக்க மாட்டாக டீச்சர். தொட்டில அன்னைக்கே அவுத்துட்டாக. அவன் சட்டையெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. எனக்காகத்தான் செஞ்சாக, நெனப்பு வரக் கூடாதுன்னு. ஆனா அப்பிடி ஒருத்தன் பொறக்கவே இல்லங்குற மாதிரி இருக்கு." இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

வருகிறவர்கள் எல்லாரிடமும் முதல் நாள் என் மேஜை முன்னால் நின்று டீச்சர் சொல்கிற ஒன்று உண்டு. அன்றும் சொன்னார். "நீங்க பேசுறது இந்த அறைய விட்டுப் போகாது. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் போகும். உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லுவேன். அந்த ஒருத்தர் யாருன்னு நீங்களே எழுதுங்க." ஈஸ்வரி யோசித்து, கொடைரோட்டில் இருக்கிற தன் அண்ணன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினாள்.

அவள் போனபின் டீச்சர் என்னிடம், "இந்தப் பொண்ணு வந்தா தனியா விடாதீங்க. பக்கத்துலயே இருங்க. வராட்டி உடனே எனக்குச் சொல்லுங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. உயிரை வெறுத்தவர்களைப் பற்றித்தான் டீச்சர் அப்படிச் சொல்வார் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

ஆறு மாசம் வந்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேரும் மலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் கையில் மல்லிகை வாசம் அடிக்கும். நாலைந்து மாசம் போனதும் உள்ளே அவள் அழுகிற சத்தம் ரேடியோவையும் மீறி லேசாகக் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது எனக்கு அந்த அளவுக்குப் பாடம் ஏறியிருந்தது.

ஒரு செவ்வாய் அவள் வரவில்லை. மறுநாள் முகூர்த்தம், பூவுக்குக் கிராக்கி, அதனால் வர மாட்டேன் என்று டீச்சரிடம் முன்பே சொல்லியிருந்தாளாம். அது எனக்கு அப்போது தெரியாது. நான் டீச்சரிடம் போய், அவள் வரவில்லை என்று சொன்னேன். டீச்சர் "சரி" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. நாலு நாளாக மனசுக்குள் என்னென்னவோ ஓடியது.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில், நத்தம் பஸ் நிற்கிற இடத்தில் அவளைப் பார்த்தேன். உயிரோடு, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. நேரே போய்க் கையைப் பிடித்து, "ஏம்மா, செவ்வாக்கெழம காணோமே. நான் பயந்தே போயிட்டேன். டீச்சர்ட்டகூடச் சொன்னேன்" என்றுவிட்டேன். என் ஆயுசில் வெளியிடத்தில் நான் முதலில் போய்ப் பேசினது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம்தான் பக்கத்தில் நின்ற அம்மாளைப் பார்த்தேன். இன்னொரு கூடையோடு அவளுடைய மாமியார்.

"எந்த டீச்சரு?" என்றார் அந்த அம்மா. "ஒனக்கு ஏதுடி டீச்சரு? பள்ளிக்கொடம் போற புள்ளயா வச்சிருக்க?"

சொன்ன பிறகு அந்த அம்மாளுக்கே சுருக்கென்றது. கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார். ஈஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு, "தெரியல அத்த. வேற யாரோன்னு நெனச்சுப் பேசுறாக" என்று பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னார். மாமியார் என்ன சொன்னார், எந்தக் குரலில் சொன்னார், ஈஸ்வரி முகம் வெளுத்ததா, சிவந்ததா, பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "சனிக்கெழமையே எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே பாக்கியம். ரெண்டு நாள் போச்சே" என்றார். பதினாறு வருஷத்தில் அவர் என்னைக் குறை சொன்னது அதுதான்.

மறுநாள் பதினொரு மணிக்கு டீச்சர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படியில் யார் ஏறினாலும் நான் எழுந்து நின்றேன். எல்லாம் தையற்கடைக்கு. பன்னிரண்டு மணிக்கு டீச்சர் அந்த அண்ணனுக்குப் போன் செய்தார். அவர் அன்று மதியமே தங்கச்சி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினார். "இருக்கா டீச்சர். பூப் பறிக்கிறா, சோறு பொங்குறா. யாருகிட்டயும் பேச மாட்டேங்குறா. நான் கேட்டா எந்திரிச்சுப் போயிருறா" என்றார். டீச்சர் அவரிடம், அவளைத் தனியாக விட வேண்டாம் என்றும், எந்த நேரம் என்றாலும் போன் செய்யலாம் என்றும் சொன்னார். அந்த வாரம் எப்படிப் போனது என்று என்னால் எழுத முடியாது.

அடுத்த செவ்வாய், பதினொரு மணிக்கு, படியேறி வந்தது மாமியார்.

முதலில் தையற்கடைக்குள் போய்விட்டு என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது. "தையக்காரிகிட்ட கேட்டேன். எம் மருமக ஒரு சட்டகூடக் குடுக்கலையாம். ஆறு மாசமா என்னத்தத் தைக்க வந்தா இவ?"

நான் தண்ணீரை எடுத்து வைத்தேன்.

"நீங்கதான மதினி பஸ்டாண்டுல கையப் பிடிச்சது? இப்ப என்ன, வாயில கொழுக்கட்டையா? அன்னைக்கு நல்லாத்தான பேசுனீக?"

எனக்கு நாக்கு எழவில்லை. எழுந்திருந்தாலும் சொல்லக் கூடாது. டீச்சர் வெளியே வந்து, "வாங்க. நான்தான் டீச்சர்" என்றார்.

"எம் மருமக இங்க வாராளா?"

"யாரு வாராங்க, யாரு வரலன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லம்மா. நாளைக்கு ஒருத்தர் வந்து உங்களப் பத்திக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"என்னயப் பத்தி என்ன இருக்கு கேக்க?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ என்னயப் பத்தி என்ன சொன்னா? அத மட்டும் சொல்லிருங்க. நான் போயிருறேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அந்த அம்மா பையைக் கீழே வைத்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்.

"காச்சல் சாயங்காலமே வந்துருச்சு. கடைசி பஸ்ஸும் இருந்துச்சு. போவோம் அத்தன்னு அவ கெளம்பி நின்னா. நாந்தான் விடியட்டும்னேன். எம்புட்டுப் புள்ளைக்குக் காச்சல் பாத்தவ நான். நெத்தியில பத்துப் போட்டாச் சரியாயிரும்னேன்." என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவ ஒரு வார்த்த கேக்கல டீச்சர். இன்னைக்கி வரைக்கும் கேக்கல. கேட்டுட்டான்னாத் தேவல. கேப்பாளோன்னுதான் அந்த வீட்டுல புள்ள பேரையே எடுக்க விடாமப் பாத்துக்கிட்டேன்."

டீச்சர் சொன்னார். "உள்ள வாங்கம்மா. இந்த ஒரு மணி நேரம் இன்னைக்கு யாருக்கும் இல்ல. உங்களுக்கு இருக்கட்டும்."

கதவு சாத்தியது. நான் ரேடியோவைப் போட்டேன்.

வெளியே வந்தபோது அந்த அம்மாளின் முகம் கழுவின மாதிரி இருந்தது. "அவளக் கூட்டிட்டு வரவா?" என்று டீச்சரிடம் கேட்டார். "யாரையும் கூட்டிட்டு வர வேண்டாம். வரணும்னு நெனைக்கிறவங்களுக்கு வழிய மறிக்காம இருந்தாப் போதும்" என்றார் டீச்சர்.

அடுத்த செவ்வாய் பத்தேமுக்காலுக்கு இரண்டு பேரும் படியேறி வந்தார்கள். ஈஸ்வரி முன்னால், மாமியார் நாலு படி பின்னால். ஈஸ்வரி என்னிடம் வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அவள், "பயந்துட்டீகளா அன்னைக்கு?" என்றாள். நான் தலையாட்டினேன். "எனக்காக ஒருத்தர் பயந்தாகன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அந்த வாரம் கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது என் தப்பைச் சரியாக்கிவிடாது. அவள் நல்ல மனசுக்காரி, அதனால் சொன்னாள். தப்பு தப்புத்தான்.

மாமியார் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் மலையைப் பார்த்தார். உள்ளே அழுகிற சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். "அழுகட்டும் மதினி. உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். என் கையை விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் கதவைத் திறந்து, "உங்களயும் வரச் சொல்றாங்க. வாரீங்களா? வரலன்னாலும் ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்த அம்மா உடனே எழவில்லை. "கேக்கப் போறா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து, சாமி கும்பிடப் போகிறவர் மாதிரிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே அவள் கேட்டாளா, இவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டும் முடிந்து விவசாய நிகழ்ச்சி வந்துவிட்டது. கத்திரிக்காய்க்கு என்ன மருந்து அடிப்பது என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

கதவு திறந்து இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் வீங்கியிருந்தது. மாமியார் குனிந்து செருப்பைத் தேடினார். கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. ஈஸ்வரி காலால் தள்ளி முன்னால் வைத்தாள்.

படியில் இறங்கும்போது மாமியார் குழந்தையின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். "இருந்தான்னா இந்நேரம் நடக்க ஆரம்பிச்சிருப்பான்ல?" என்றார்.

"நடக்கவா?" என்றாள் ஈஸ்வரி. "அவன் ஓடியிருப்பான் அத்த. ஒரு எடத்துல நின்னான்னா அவன்?"

"ஆமா. தவழும்போதே நம்மால பிடிக்க முடியாது. அன்னைக்குக் கூடையக் கவுத்துவிட்டு, பூவுக்குள்ள..."

மேலே சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்கள்.